நான் துடைச்ச கம்ப்யூட்டர்

வெக்கத்த விட்டுச் சொல்லுதேன். ஃபைல டெலீட் பண்ணி, ‘ரீசைக்கிள் பின்’ங்கிற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டா எல்லாம் அழிஞ்சிரும்னு நம்பி, என் ஜெராக்ஸ் கடையோட பழைய கம்ப்யூட்டர தாராவியில ரிப்பேர் கடை பாய்கிட்ட வித்துட்டேன்.

இன்னைக்கு பாய் கடைக்குக் கூப்பிட்டுத் திரையக் காட்டினாரு. நம்ம தெரு ஜனங்களோட ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் வரிசையா நிக்கி!

“எல்லாத்தையும் அழிச்சேனே பாய்!”

“ஃபைலோட பேரைத்தான் அழிச்சிருக்கீரு அண்ணாச்சி, சரக்கு உள்ளதான் கெடக்கு. திருட்டுப்பய கையில கெடைச்சிருந்தா? டிஸ்க் பூரா பழசு மேல வேற எதையாவது எழுதி அழிக்கணும். முடியுற வரைக்கும் கரண்ட் போகக்கூடாது.”

பாய் அழிக்கிற வேலைய ஓட விட்டாரு. “நானே காவல் இருக்கேன்”னு ஸ்டூலப் போட்டு உக்காந்தேன்.

இத உங்களுக்கு எழுதலாம்னா போன்ல சார்ஜ் இல்ல. பக்கத்துல ஒரு பிளக்க உருவிட்டு என் சார்ஜரச் சொருகினேன். அது கம்ப்யூட்டரோட பிளக்கு.

இப்ப மறுபடி முதல்ல இருந்து ஓடுது. ஸ்டூல பாய் எடுத்துட்டாரு.