ஈயக் குட்டையில் மூன்று நாள்

இரண்டு மாதங்களுக்கு முன்னர் என் அக்கா, தன் எழுபத்தைந்தாவது வயதில், ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் உள்ள மகன் வீட்டில் இறந்தாள். எங்கள் குடும்பம் அவளுக்குக் கருமாதி செய்து ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. துக்க வீட்டில் என்னை எவருக்கும் தெரியவில்லை. நான் யார் என்று அவள் மகன் பணிவோடு கேட்டபோது, உங்கள் அம்மாவும் நானும் ஒரே ரப்பர் தோட்டம் என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் இல்லை.

அவள் மூழ்கிப் போனதாகத் தோட்டமே நம்பிய நீர்நிலையை இன்று பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் நடைபாதை போட்டு, மிதிபடகுகள் விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து குடும்பங்கள் பாயும் பொட்டலச் சோறுமாக வந்து இறங்குகின்றன. நானும் காலையில் அங்கே நடக்கிறேன். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

எங்கள் காலத்தில் அது வெறும் ஈயக் குட்டை. ஈயம் எடுத்து முடித்தவர்கள் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக, மழை அதை நிரப்பியது. ஒரு கரை முழுக்க வெண்மணல். எதிர்க்கரையில் சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியது. நடுவில் எவ்வளவு ஆழம் என்று எவருக்கும் தெரியாது. பால்வெட்டு இல்லாத ஞாயிறுகளில் தோட்டத்தில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஆறு நாளும் ரப்பர் பாலின் நாற்றத்தில் கிடந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் ஒரு விடுதலை. பெண்கள் கைலியை மார்புவரை கட்டிக்கொண்டு ஓரமாகக் குளிப்பார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வாழையிலையில் காத்திருக்கும். சிறுவர்கள் காற்றடைத்த லோரி டியூப்பைப் பிடித்துத் தொங்குவோம்.

டியூப்புக்கு அதிபதி என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எங்களோடு இருந்தவர், இருபத்து நான்கு வயது. தோட்டத்தில் அவரைப் போல முங்கு நீச்சல் அடிக்க ஆளில்லை.

"டேய் பானை வயிறா, கெட்டியாப் புடிச்சுக்க. நீ முழுகிட்டன்னா எங்க அண்ணன் என்னைய மரத்துல கட்டி வச்சுப் பால் எடுத்துருவாரு."

"மண்டோரு செய்வாரு லா," என்று கரையிலிருந்து எவரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மண்டோர் என்பது என் அப்பா. பால்வெட்டுக்காரர்களை மேற்பார்ப்பவர். மாரியம்மன் திருவிழாவில் முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழும். அவர் குட்டைக்கு வருவதில்லை. தான் இல்லாத இடத்திலும் தன் பேச்சு நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு அக்கா என்னைத் தண்ணீரிலிருந்து கூப்பிட்டு, தன் மாற்றுத் துணி, சீப்பு, செருப்பு ஆகியவற்றின் பக்கத்தில் உட்காரவைத்தாள். எனக்கு வயது ஒன்பது. அவளுக்குப் பத்தொன்பது, அத்தை மகனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வரும் லோரியின் ஓட்டுநரை அவளுக்குப் பிடித்திருந்ததை அறிந்தவன் நான் ஒருவன்தான். அவர் எங்கள் சாதி இல்லை. எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கவில்லை.

"தம்பி, நான் போறேன். பெரிய ரோட்டுல அவரு நிப்பாரு. பஸ் ஏறிட்டேன்னா போதும். யாராச்சும் கேட்டா, குளிக்குதுன்னு சொல்லு. சாங்காலம் வரைக்கும்தான் லா."

"அப்புறம் சொல்லலாமா?"

"நானே கடுதாசி போடுறேன். நீ வாயத் தொறந்தா நான் செத்தேன்னு வச்சுக்க."

புதருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த வேறு உடையை மாற்றிக்கொண்டு அவள் ரப்பர் மரங்களுக்குள் நடந்தாள். சற்று நேரத்தில் பக்கத்து லயத்து வீட்டு அம்மா ஒருவர் என்னைக் கடந்து போனார்.

"அக்கா எங்கடா?"

"குளிக்குது."

இரண்டாவது முறை கேட்டபோதும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் தண்ணீரைப் பார்த்தார். அங்கே எந்தப் பெண்ணும் இல்லை. என் பக்கத்தில் செருப்பு இருந்தது. அவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். குட்டையில் இருந்த ஆண்கள் எல்லாரும் முங்கத் தொடங்கினார்கள்.

மாலை வரைதான் காக்க வேண்டிய இரகசியம் அது. ஆனால் மாலைக்குள் அம்மா மணலில் புரண்டு அழுதுகொண்டிருந்தார், போலீஸ் வந்துவிட்டது, அப்பா முதன்முறையாக அந்தக் கரையில் நின்றார். ஒரு சொல்லால் இவ்வளவும் நடந்துவிட்டது என்பது எனக்கே நம்பக்கூடியதாக இல்லை. வாயைத் திறந்தால் அக்கா உண்மையிலேயே செத்துவிடுவாள் என்று பயந்தேன். மறுநாள் பொம்பா வண்டி வந்தது. தீயணைப்பு வீரர்கள் கொக்கிகளைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, அடியில் சேறு, இதற்குமேல் முடியாது என்று கிளம்பினார்கள். சித்தப்பா மட்டும் விடவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப இறங்கினார். கயிற்றின் மறுமுனையை அப்பா பிடித்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையிலும் கரையில் கூட்டம் நின்றது. என் முதுகுக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"மூணு நாளு ஆச்சு. தண்ணியில போயிருந்தா இந்நேரம் மெதந்து வந்துருக்கணும் லா."

"அப்ப எங்கயாச்சும் ஓடியிருக்கும்ங்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. மண்டோரு காதுல விழுந்தா நம்ம பொழப்பு போயிரும்."

அப்பாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை, கயிற்றை மட்டும் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

நண்பகலில் சித்தப்பா மேலே வந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. மணலில் குப்புற விழுந்து, நெடுநேரம் எழவில்லை. அவர் அடுத்த முறை இறங்கினால் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அக்காவா சித்தப்பாவா என்று ஒரு ஒன்பது வயதுப் பையன் எடுக்கக்கூடாத முடிவை எடுத்தேன். அப்பாவின் அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"அப்பா, அக்கா தண்ணியில இல்ல. பஸ் ஏறிப் போயிருச்சு. அரிசி லோரி அண்ணன்கூட. நான்தான் பொய் சொன்னேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லப்பா."

"அம்மாகிட்ட?"

"இல்ல."

அவர் கையை என் தலைமேல் வைத்தார். அதற்கு முன்னர் அவர் அப்படிச் செய்ததாக நினைவில்லை. வாக்கைக் காப்பாற்றியதற்கான பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் சித்தப்பாவிடம் நடந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறார், கிழங்கும் சம்பலும் சாப்பிடலாம் என்று நான் எழுந்துகூட நின்றுவிட்டேன்.

"மலைக்குக் கீழ இன்னும் பாக்கல," என்றார் அப்பா, கூட்டம் முழுவதும் கேட்கும்படி.

"அண்ணே, காது ரெண்டும் அடச்சுக்கிச்சு. போதும்ணே."

"என் புள்ளடா உள்ள கெடக்குறா. எறங்கு."

"சரிண்ணே."

பொழுது சாயும்வரை சித்தப்பா இறங்கிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் பேசிக்கொண்ட அந்த இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடிக்க அப்பாவுக்கு உதவினார். சேறு இழுத்துக்கொண்டது, இனி வராது என்று மாலையில் அப்பா சொன்னதை எவரும் மறுக்கவில்லை. சொந்தத் தம்பியை அந்த ஆழத்துக்கு அனுப்பியவரின் சொல்லை யார் மறுப்பார்கள்? பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. அக்காவிடமிருந்து கடிதம் வரவில்லை. தான் இறந்த செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. தேடி வர ஆளில்லை என்பதை அவளும் ஒரு பாதுகாப்பாக ஏற்றுக்கொண்டாள் என்று, வெகுகாலத்துக்குப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

சித்தப்பாவுக்கு அன்றோடு இடது காது போயிற்று. அவரோடு பேச வந்தவர்கள் வலப்பக்கமாகச் சுற்றி வந்து நின்றார்கள். இன்னும் கொஞ்சம் ஆழம் போயிருக்கலாம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா உயிரோடு இருந்தவரை நான் சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிறகும் சொல்லவில்லை. அதற்கு எந்த நியாயமும் என்னிடம் இல்லை.

அந்தப் பிற்பகலில் கரையில் உட்கார்ந்து நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. அப்பா என்னை நம்பவில்லை, நான் சொன்னது மெய்யா என்று தண்ணீரில் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆகவே சித்தப்பா ஒவ்வொரு முறை வெறுங்கையோடு மேலே வந்தபோதும் எனக்குள் மகிழ்ச்சி பொங்கியது. இன்னும் இரண்டு முறை, இன்னும் ஒரு முறை, பிறகு அப்பா நம்பிவிடுவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன முதல் வாக்கியத்திலேயே அவர் நம்பிவிட்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.