மஞ்சள் பூசாத கன்னம்

என் இடக் கன்னத்தில் மஞ்சள் பூசுவதை நான் நிறுத்தியது எண்பதுகளின் நடுவில். அப்போது ராஜபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லைப் பக்கம் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார்.

வலி முதலில் பல் தேய்க்கும்போது வந்தது. கண்ணுக்குக் கீழே தொடங்கி மேல் தாடை வரை, கரண்ட் கம்பியைத் தொட்டது போல ஓர் இழுப்பு. சில நொடிகள்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். நாளடைவில் முகம் கழுவினால் வந்தது, சோற்றை மென்றால் வந்தது, வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் வந்தது. பேருந்தில் மலைக்காற்று முகத்தில் பட்டாலே போதும். கன்னத்தில் வீக்கமில்லை, சிவப்பில்லை. எதைக் காட்டி நம்பவைப்பது?

ஓர் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்த என்னை மாமியார் நிறுத்தினார்.

"ஏட்டி, இங்கன வா. அங்க எம்மகன் துப்பாக்கியப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். நீ பாதி மூஞ்சிக்கு மஞ்சளப் பூசிக்கிட்டு வந்து நிக்க?"

"அந்தப் பக்கம் கை வைக்க முடியல அத்தை. வலிக்கி."

"மஞ்சள் என்ன மொளகாப்பொடியா, வலிக்கதுக்கு?"

சொல்லிக்கொண்டே மஞ்சளைக் குழைத்து என் இடக் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தார். கோபத்தில் செய்யவில்லை, மகனை நினைத்த பயத்தில் செய்தார். நான் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேரோட்டத்தின் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டேன். மறுநாள் அவரே பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். "சொத்தைதான். புடுங்கிட்டா செத்த நேரத்துல சரியாப் போயிரும்," என்றார் மாமியார். நல்ல பற்கள் இரண்டு போயின. வலி அங்கேயே இருந்தது.

கணவருக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுப்பில் வந்ததும் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து, என் இடக் கன்னத்தில் உள்ளங்கையை வைப்பார். இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்த கையில் இரும்பு வாசனை அடிக்கும். ஆண்டு முழுவதும் நான் எதிர்பார்த்திருந்தது அதைத்தான். அந்த ஆண்டு கை அருகில் வந்தபோது பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"கோவமா?" என்றார்.

"இல்லங்க. வலி."

புரிந்துகொண்டார். ஆனால் அந்த விடுப்பு முடியும்வரை, என் அருகில் வரும்போதெல்லாம் வலக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்.

இந்த வலி இடையிடையே ஓய்வும் தரும். சில சமயம் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காது. ஒரு மார்கழியில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: "இன்றும் வலி இல்லை. சோற்றை இரு பக்கமும் மென்றேன். அவர் இங்கே இல்லை." சித்திரையில் அவர் வரும்போது வலியும் திரும்பியிருக்கும். ஒரு தடவையாவது இரண்டும் ஒத்துவராதா என்று ஆண்டுக்கு ஆண்டு பார்த்திருந்தேன். ஒத்துவரவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஓய்வும் நின்றது. மாத்திரை போட்டால் கரும்பலகை முன்னால் தலை சுற்றியது. மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கன்னத்து வழியா ஊசியை உள்ள கொண்டுபோயி, வலியக் கொண்டுவர்ற முகத்து நரம்பைச் சூடு வச்சுப் பொசுக்கிருவோம்மா. வலி அடங்கிரும். ஆனா அந்தப் பக்கம் மரத்துப் போகும். தொட்டாத் தெரியாது."

"அது திரும்ப வருமா டாக்டர்?"

"வலியா?"

"இல்ல. தொட்டாத் தெரியிறது."

"கொஞ்சம் வரலாம். நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

கணவருக்கு எழுதிவிட்டு, அவர் வரும்வரை தள்ளிப்போட்டேன். சிகிச்சை நாளன்று காலை, உள்ளே கூப்பிடும் முன் வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஒருதரம் கைய வைங்க," என்றேன்.

"வலிக்குமே, புள்ள."

"வலிக்கட்டும்."

வைத்தார். வலி வெட்டியது. கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்துக் கையை எடுக்கப் போனார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அவ்வளவு வலிக்கும் அடியில் உள்ளங்கையின் சூடும், விரலடியில் இருந்த காய்ப்பும் தெரிந்தன. பிறகு நானே கையை விட்டேன்.

உள்ளே அரைமயக்கத்தில் ஊசி ஏற்றி, சரியான நரம்புதானா என்று பார்க்க எழுப்பி, "எங்க குறுகுறுங்குது?" என்று கேட்டார்கள். "கன்னத்துல," என்றேன். மறுபடி மயக்கம். எழுந்த பிறகு நர்ஸ் கண்ணை மூடச் சொல்லி, "பஞ்சால தொடுதேன். தொட்டதும் சொல்லுங்க," என்றார். காத்திருந்தேன்.

"இன்னும் தொடலையாம்மா?" என்று கேட்டேன்.

"அப்பவே தொட்டாச்சுக்கா."

அதன்பின் வலி வரவில்லை. இப்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்காருகிறேன். வகுப்பில் உரக்கப் பேசுகிறேன். கணவர் பணி முடிந்து ஊரோடு வந்துவிட்டார். இரு கன்னத்துக்கும் மஞ்சள் பூசுகிறேன்; இடப்பக்கம் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிவதில்லை.

"திட்டுத்திட்டா இருக்கு பாரு. எங்கம்மா பாத்தா ஏசும்," என்று அவர் எழுந்து வருவார். கட்டைவிரலால் விட்டுப்போன இடத்தில் தேய்த்துவிடுவார். நான் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

"போதுமா?" என்பார்.

"இன்னும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கு," என்பேன்.