உம்மு ஸினான் ஊற்றிய தண்ணீர்

பாக்தாதில் எங்கள் தெருமுனை திரும்பியதுமே உம்மு ஸினானின் ஊறுகாய்க் கடை வாசம் மூக்கில் ஏறும். டர்னிப், வெள்ளரி, மாங்காய் எல்லாம் பச்சை மெருகு போட்ட மண்ஜாடிகளில் ஊறிக்கொண்டிருக்கும். சொந்தப் பெயர் பத்ரியா. மகன் ஸினான் பிறந்ததும் 'ஸினானின் அம்மா' ஆகிவிட்டாள். வாய் அதிகம். "புளிப்பு பத்தலையா? உங்க மூஞ்சிய ஒரு நிமிஷம் ஜாடிக்குள்ள விட்டு எடுங்க" என்று டாக்ஸி ஓட்டிப் பிழைக்கும் என்னிடமே சொன்னவள்.

கணவன் நோயில் போனான். தம்பியை வெளிநாட்டுப் பட்டாளம் கொன்றது. சாலையில் ஒரு சிப்பாய் முஷ்டியை மடக்கி உயர்த்தினானாம். அதற்கு 'நில்' என்று அர்த்தமாம். எங்களில் யாருக்குத் தெரியும் அது? தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே போனான், சுட்டுவிட்டார்கள். யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும், நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். தம்பி கிளம்பிய அன்று குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதன்பிறகு அவளுக்கு அது ஒரு வெறியாகவே ஆனது. வெங்காயக்காரன் வந்துபோனாலும் ஊற்றுவாள்.

பிறகு ஊரில் ஆளுக்கு ஆள் துப்பாக்கி தூக்கிய காலம் வந்தது. மதம் ஒன்றுதான் என்றாலும் உம்மு ஸினான் எங்களிலிருந்து வேறு பிரிவு. ஒருநாள் அவள் வாசலில் ஓர் உறை கிடந்தது. உள்ளே ஒரே ஒரு தோட்டா. வீட்டைக் காலி செய் என்று அதற்கு அர்த்தம், அது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் அதே வெளிநாட்டுப் பட்டாளம் வந்து முகாம் போட்டது. தோட்டா வைத்தவர்கள் பதுங்கிவிட்டார்கள். தம்பியைக் கொன்றவர்களின் காவலில் மகனை வளர்த்தாள். இதைவிடக் கேவலமான பிழைப்பு உண்டா, சொல்லுங்கள்.

முகாமைக் காலி செய்யப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று முடிதிருத்துகிற ஜப்பார் கடையில் பெரிய சண்டை.

"போய்த் தொலையட்டும். நம்ம நாட்டுல அவனுக்கென்ன வேலை?" என்றேன்.

"நல்லா பேசுறீங்க. அவன் போன மறுநாளே தோட்டா வைக்கிறவனுங்க வருவானுங்க. அப்ப உங்க டாக்ஸிக்கு அடியிலதான் ஒளியணும்" என்றான் ஜப்பார்.

எதிர்க்கடையிலிருந்து உம்மு ஸினான் குரல் கொடுத்தாள். "என் தம்பியத் தின்னவங்க, ஒருநாள்கூட இங்க இருக்கக் கூடாது. ஆனா ஸினானுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் போகட்டும்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "அவங்க இருந்தாலும் பயம், போனாலும் பயம். எந்தப் பயம் வேணும்னு என்கிட்ட யாராவது கேட்டாங்களா, அபு ரகத்?"

அபு ரகத் நான்தான், ரகதின் அப்பா. எனக்கும் அதே பயம்தான்.

அவர்கள் போன காலையில் தெருவே வாசலில் நின்றது. ஒருவன் திரும்பி வரவே கூடாது என்றால் அவன் முதுகுக்குப் பின்னால் ஜாடியைப் போட்டு உடைப்போம். விரிசல் விட்ட ஜாடிகளையெல்லாம் வீடு வீடாகக் கொடுத்தவளே உம்மு ஸினான்தான். கவச வண்டிகள் ஒவ்வொன்றாக நகர, டமார் டமார் என்று ஜாடிகள் உடைந்தன, பெண்கள் குலவையிட்டார்கள். அவள் கடைவாசலில் குந்தி டர்னிப் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி வண்டி அவளைத் தாண்டியது. எழுந்தாள். கையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீரை அதன் பின்னால் வீசி ஊற்றினாள்.

குலவை நின்றது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஓடிப்போய், "என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றேன்.

"நான் பண்ணல. கை பண்ணிருச்சு." அவள் உதடு வெளுத்திருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஹாத்திம் வந்தான். இந்தத் தெருவில் மூக்கொழுக வளர்ந்தவன், இப்போது தோட்டா வைக்கிற கூட்டத்தில் ஒருவன், இடுப்பில் துப்பாக்கி. நான் ஜப்பார் கடையில் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"யார் திரும்பி வரணும்னு தண்ணி ஊத்தினீங்க, பெரியம்மா?"

"டர்னிப் கழுவின அழுக்குத் தண்ணிடா அது."

"அப்படியா!" ஜாடியில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். "நல்லாருக்கு. உங்க கைப்பக்குவமே தனி. ஸினான் காலேஜுக்கு எந்த பஸ்ல போறான்?"

அவள் ஜாடியின் மூடியை எடுத்துச் சாத்தினாள். பதிலுக்கு அவன் அவசரப்படுத்தவில்லை. சலாம் சொல்லிவிட்டுப் போனான். மிச்சத் தாடி இருக்கட்டும் என்று எழுந்துவிட்டேன்.

விடிந்ததும் விடியாததுமாக ஸினானை என் டாக்ஸியில் ஏற்றினோம். வடக்கே போய், அங்கிருந்து எல்லை தாண்டி மாமன் மகன் வீட்டுக்கு.

"பரீட்சை இருக்கும்மா. நிலைமை சரியானதும் அடுத்த மாசமே வந்துடுவேன்" என்று முரண்டு பிடித்தான்.

"சரிடா, சரி." சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பேரீச்சம்பழப் பூரணம் வைத்த ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்தாள். முத்தமிடும்போதும் அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வண்டியை மெல்ல நகர்த்தினேன். ஸினான் தண்ணீர் விழும் சத்தத்துக்காகக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கையில் கிண்ணம் இல்லை. கடையிலேயே பெரிய ஜாடி, விரிசல் இல்லாத ஜாடி, தலைக்குமேல் இருந்தது.

அது உடைந்த சத்தத்தில் தெரு நாய்களெல்லாம் குரைத்தன. ஸினான் திரும்பிப் பார்த்தான். "அம்மா!" என்று அலறிக் கதவைத் திறக்கப் போனான். "நிறுத்துங்க சித்தப்பா, நிறுத்துங்க!"

நான் நிறுத்தவில்லை.