நாட்டு மரத்துப் பழம்

கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோடு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் ஒரு பை மல்கோவா. முறுக்கு மீசை, தோளில் பச்சைத் துண்டு. பேச்சுக்கு நடுவே பைக்குள் மூக்கை நுழைத்து மோந்துகொள்வார்.

"செந்தூரம், கிளிமூக்கு, பங்கனப்பள்ளி எல்லாமே நம்ம தோப்புல இருக்குதுங்க."

டீக்கு பஸ் நின்ற இடத்தில் ஒரு நாட்டு மாமரம். பருவம் முடிந்து, உச்சியில் ஒரே ஒரு பழம். காற்றடித்ததும் விழுந்தது. தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். என் கையில்தான் சிக்கியது.

"ஏனுங்க, இந்தப் பையை வெச்சுக்கிட்டு அதைக் குடுங்க" என்றார் மூச்சிரைக்க.

அப்படிக் கேட்டபிறகு யாராவது கொடுப்பார்களா? அங்கேயே நின்று கடித்தேன். நாரும் புளிப்பும் இனிப்புமாகச் சாறு முழங்கை வரை வழிந்தது. சப்பி முடித்ததும் துண்டை நீட்டினார். கை துடைக்கத்தான் என்று நினைத்தேன்.

"கொட்டையை இதுல போடுங்க. ஊட்டுக்குப் பின்னால நட்டுக்கறேன். காய்க்கறப்ப உங்களைக் கூப்புட மாட்டனுங்க."

தன் ஊரில் இறங்கியபோது மல்கோவாப் பை சீட்டிலேயே இருந்தது. மறந்துவிட்டாரே என்று ஜன்னல் வழியே கத்தினேன். பச்சைத் துண்டை இறுகப் பிடித்தபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.