ஆட்டம் நின்றதும் வெளியே

1995 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியம்மாவின் மகள் பவளக்காவைத் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இத்தாலியில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்துப் பொஸ்ஸுவோலியில் இருந்தார். இரண்டு கிழமை விசாவில் பிளேஸ்டோவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

பொஸ்ஸுவோலி இருப்பதே ஓர் எரிமலையின் அகன்ற வாய்க்குள்தான். இன்னும் உயிருள்ள எரிமலை. எண்பதுகளில் நிலம் ஆளுயரம் எழும்பி வீடுகள் பிளந்து, ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், படித்தது நிலவியல். "நீ படிச்சனி. எனக்குக் கீழ என்ன கிடக்கெண்டு காட்டு" என்றார் பவளக்கா.

காலை 9.42க்கு டிஸ்ட்ரிக்ட் லைன். ரயில் மாறத் தேவையில்லை. முக்கால் மணி நேரம். நாள் டிக்கெட் ஆளுக்கு மூன்று பவுண்ட் சொச்சம். ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதையில் பத்து நிமிட நடை. அந்தச் சுரங்கத்துக்குள் பவளக்கா மிக நிம்மதியாக நடந்தார். ஏனென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எரிமலைப் படத்தின் முன் பாடம் நடத்தினேன். "இது எங்கட சின்னவனுக்கே தெரியும்" என்றார்.

அடுத்த அறையில் நிலநடுக்கம்போல ஆடும் ஒரு தரை. அது உறுமத் தொடங்கியதுமே என்னையும் இழுத்துக்கொண்டு குந்திவிட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். போன மாரியில் ஊர் அதிர்ந்தபோது தெருவே திறந்தவெளிச் சதுக்கத்தில் நின்றதாம். இவர் மட்டும் பிள்ளைகளோடு நிலவறைக்குள் இறங்கியிருக்கிறார்.

"குண்டு போட வாற பொம்மர்ச் சத்தம் கேட்டா பங்கர்க் குழிக்குள்ள. யாழ்ப்பாணத்தில நாலு வருசப் பழக்கம், கால் தானாப் போகுது. பெரியவள் கத்தினவள், 'அம்மா, இது பொம்மர் இல்லை' எண்டு. மேல வீடு விழுந்திருந்தா, பிள்ளை?"

"குந்தினது பிழையில்லை அக்கா. ஆடேக்க மேசைக்குக் கீழ. நிண்டதும் வெளிய. நிலவறைப் பக்கம் மட்டும் போகக் கூடாது."

"அப்ப பழகுவம், வா."

திரும்பவும் வரிசை.

"என்ன, பட்டதாரிக்கு வெக்கமோ? குந்தடி!"

குந்தினேன். தரை நின்றதும் எழுந்து, தெருவாசல் வரை நடந்தோம். நான்கு முறை.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதரைக்குப் பின் டிக்கெட் மலிவு. எங்களிடம் நுழைவுக்கட்டணம் வாங்கினார்கள், இப்போது இலவசம். வெளிவாசல் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவையுங்கள்.

அடுத்த மாதம் பவளக்கா தொலைபேசியில் வந்தார். "நேற்று ஆடினது. நாலு பேரும் மேசைக்குக் கீழ. நிலவறைக் கதவுக்கு முன்னால அலுமாரி வைச்சிருக்கிறன். நிண்டதும் கால் அந்தப் பக்கம்தான் போனது. அலுமாரியில இடிச்சுப்போட்டுச் சதுக்கத்துக்கு ஓடினன்."