சிரிப்பு வாரக் கப்பல்

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு துண்டை அன்னப் பறவையாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். காலடியில் பெரிய பெட்டி. சொகுசுக் கப்பலில் துண்டை இப்படி மடித்து வைக்கும் ரூம் பாயாம். அதே வேலைக்கான உத்தரவு என் பையில் இருந்தது.

"அங்க எப்படிண்ணா இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"சில வாரம் மொத்தக் கப்பலையும் ஒரே கூட்டம் வாடகைக்கு எடுத்துக்கும். அவங்க இன்னா வேஷமோ அதான் நமக்கும். ஒருவாட்டி சிரிப்பு வாரம், எல்லாருக்கும் கோமாளி மூக்கு. அப்பதான் அம்மா பூட்டாங்கன்னு சேதி வந்துச்சி. கொள்ளி வெக்க வேண்டிய ஒரே புள்ள நான், நடுக்கடல்ல நிக்கிறேன். தாங்க முடியாம எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன் தம்பி. சூப்பரா நடிக்கிறேன்னு கைதட்டினாங்க."

தாம்பரம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இறங்கலையாண்ணா?"

"அம்மா போயி ஆறு மாசம் கழிச்சி இன்னிக்குதான் வரேன். காலைலேருந்து பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் போய்க்கினு கீறேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்குப் போறது?" என்றவர், "நீ வூட்ல எத்தினாவது புள்ள?" என்றார்.

"ஒரே பையன்ணா."

அவர் பாதி மடித்திருந்த அன்னத்தைப் பிரித்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் இறங்கியதும் வண்டி அவரோடு மறுபடி பீச்சுக்குப் புறப்பட்டது. பையைப் பிடித்தபடி பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தேன்.