அம்மா காய்ச்சிய ஸ்நோ

என் தகப்பனார் ஒரு பொய்யர் என்ற முடிவுக்கு நான் வந்தபோது எனக்கு ஏழு வயது. அவரைச் சந்தித்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

சந்தித்து என்று சொல்வது சரிதான். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவர் கனடாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அம்மாவின் வயிற்றில் அப்போது தம்பி இருந்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அப்பா என்பவர் எங்களுக்கு நீல நிறக் கடிதமாக மட்டுமே இருந்தார். அம்மா வாசிப்பார், நான் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பேன். கடைசியில் எனக்கென்று இரண்டு வரி இருக்கும். அங்கே கட்டடத்துக்குள் ஒரு பெட்டி இருக்கிறது, உள்ளே போய் நின்றால் பதினாலாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் என்று ஒரு முறை எழுதியிருந்தார். கடைக்கதவு ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கும் என்று இன்னொரு முறை. மூன்றாவதுதான் என் நித்திரையைக் கெடுத்தது. 'இஞ்ச ஐஸ்கிரீம் வானத்திலயிருந்து கொட்டும். நீ வந்தாப்பிறகு அள்ளித் தருவன்.'

ஐஸ்கிரீமை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. சண்டையால் எங்கள் பக்கம் மின்சாரம் போய் வருடக்கணக்காகியிருந்தது. அது எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேட்டேன். "முதல் குளிரும், பிறகு இனிக்கும், பிறகு இல்லாமப் போயிடும்" என்றார். அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கியது மே மாதத்தில். பார்க்டேலில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் பதினாலாம் மாடியில் அப்பா வீடு எடுத்திருந்தார். பெட்டி தூக்கிக்கொண்டு போனது. கடைக்கதவு தானாகத் திறந்தது. வானத்திலிருந்து மட்டும் வெயில்தான் கொட்டியது. இரண்டு வாரம் ஜன்னலடியில் காவல் இருந்து பார்த்துவிட்டு, ஆள் பொய்யர் என்று தீர்ப்பு எழுதினேன். "பொறு, வின்ரர் வரட்டும்" என்று அவர் குளிர்காலத்தைச் சொல்லித் தவணை கேட்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மாட்டிக்கொண்ட எல்லோரும் பொறு என்றுதான் சொல்வார்கள்.

அதனால் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. வீம்பு பாதி, வெட்கம் பாதி. ஏதாவது தேவைப்பட்டால் அவருக்குக் கேட்கும்படி அம்மாவிடம் சொல்வேன். அம்மா அவரை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவதைப் பார்த்து, நானும் அப்படியே கூப்பிட்டால் என்ன என்றுகூட யோசித்ததுண்டு. அவர் காலையில் ஒரு தொழிற்சாலையிலும் பின்னேரத்தில் ஒரு உணவகத்தின் சமையலறையிலும் வேலை செய்தார். வீட்டில் இருக்கும் நேரத்தில், நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் கொடுக்கவில்லை.

தம்பி எங்களோடு வரவில்லை. நாங்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, ஒன்றரை வயதில், வயிற்றோட்டம் வந்து இரண்டு நாளில் செத்துப்போனான். அப்பாவிடம் அவனுடைய படம் ஒன்று இருந்தது, நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டோடு. அவ்வளவுதான் அவர் கண்டது. ரொறன்ரோ வீட்டில் அவனைப் பற்றி யாரும் கதைத்ததில்லை. அம்மா தண்ணீர் காய்ச்சினார். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவிட்டு, துணியில் வடித்து, போத்தல்களில் ஊற்றி வைப்பார். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கு அதுதான். "இஞ்ச பைப் தண்ணியைக் குடிக்கலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். அம்மா மறுத்துப் பேசவில்லை, காய்ச்சுவதை நிறுத்தவும் இல்லை.

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணை விழித்தபோது அறை வேறு மாதிரி வெளிச்சமாக இருந்தது. சுவர், கூரை எல்லாம் வெளுத்துக் கிடந்தன. தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் சத்தம் இல்லை, கார்ச் சத்தம் இல்லை. ஜன்னலுக்கு ஓடினேன். ஏரியைக் காணவில்லை. நேற்று வரைக்கும் அங்கே இருந்த அவ்வளவு பெரிய ஏரி. தெருவும் இல்லை, எதிர்க் கட்டடமும் இல்லை. வானம் முழுவதும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சில துகள்கள் காற்றில் கீழேயிருந்து மேலே போயின. இத்தனை பெரிய காரியம் ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கூம்புமே, அப்படி என் கை கூம்பிவிட்டது. இன்றைக்கும் யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பின்னால் அப்பா நின்றார். நான் திரும்பியதும், "குளிர்ச்சட்டையைப் போடு. அள்ளப் போவம்" என்றார்.

சோறு வடிக்கும் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கீழே போனோம். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த வெளியில் ஒரு காலடிகூட இல்லை. மேல்படையை நீக்கிவிட்டு நடுவில் எடுக்க வேண்டும், நாய் நடக்கும் பக்கம் போகவே கூடாது என்று அப்பா சொல்லித் தந்தார். செய்முறையை அவருக்குச் சொன்னது உணவகத்தில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அம்மா. புது ஸ்நோவில் ரின்பாலை, அதாவது ரின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பாலை விட்டு, வனிலா விட்டு, உருகுவதற்குள் அடித்துக் கலக்கினால் ஐஸ்கிரீம். அவ்வளவுதான். கேட்டு மூன்று வருடமாகியும் தான் ஒரு தடவையும் செய்து பார்க்கவில்லை என்றார். நான் முதன்முதலாக அவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்டேன். "ஏன்?"

"தனியச் சாப்பிட்டு என்ன" என்றார்.

பானை நிறைய, விளிம்புக்கு மேலே கோபுரமாக அள்ளிக்கொண்டு மேலே வந்தோம். வீட்டுக்குள் வந்த பிறகுதான் ரின்பால் இல்லை என்று தெரிந்தது. "இதைப் பல்கனியில வையும், கடைக்குப் போயிட்டு ஓடி வாறன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பி ஓடினார்.

அம்மா பானையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி அடுப்பில் வைத்தார்.

நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் வாய்க்குள் போகிற எதுவும் முதலில் அடுப்பில் ஏறித்தான் வரும், ஐஸ்கிரீமும் அப்படித்தானாக்கும் என்று நினைத்தேன். கதிரையில் ஏறி நின்று பார்த்தேன். கோபுரம் ஓசையில்லாமல் உட்கார்ந்தது. பிறகு சாம்பல் நிறமானது. பிறகு காணாமல் போனது. இரண்டு கையாலும் தூக்க முடியாத அவ்வளவு வெள்ளையும் ஒரு செம்புத் தண்ணீராகச் சுருங்கி, அதுவும் கொதிக்கத் தொடங்கியது.

அப்பா இளைக்க இளைக்க வந்து நின்றார். தொப்பியில் ஸ்நோ, கையில் ரின்.

"என்ன செய்யிறீர்?"

"காய்ச்சிறன்."

"ஸ்நோவையோ?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஆரும் ஸ்நோவைக் காய்ச்சுவினமோ? இந்தக் கனடாவில இதைச் செய்த முதல் ஆள் நீர்தான்."

அம்மா அடுப்பை அணைத்தார். தண்ணீரைத் துணியில் வடித்து, துணியை விரித்து அவரிடம் நீட்டினார். வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புக் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது.

"காய்ச்சாத தண்ணி இவளுக்குக் குடுக்கேலாது" என்றார். "ஒரு பிள்ளைக்குக் குடுத்தது போதும்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. துணியை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். தொப்பியிலிருந்த ஸ்நோ உருகி அவர் முகத்தில் வழிந்தது. எனக்கு இவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்பதில் அக்கறை இல்லை. என் ஐஸ்கிரீம் சுடுதண்ணீராகிவிட்டது, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன்.

அப்பா என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. பானையை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே போனார். நிறைத்துக்கொண்டு வந்து, தானே அடுப்பில் வைத்துக் காய்ச்சி, தானே துணியில் வடித்தார். மறுபடி போனார். அப்படி மூன்று தரம். இந்தச் சீமையில் ஸ்நோவைக் காய்ச்சிய இரண்டாவது ஆளும் எங்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டார். அம்மா ஐந்தாறு ஏலக்காயைத் தட்டி அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். வனிலாப் போத்தல் திறக்கப்படவே இல்லை.

ரின்பாலும் ஏலக்காயும் கலந்த அந்தத் தண்ணீரை அப்பா எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றினார். நாலு கிண்ணம். நாங்கள் மூன்று பேர்தானே என்று நான் அழுகைக்கு நடுவிலும் எண்ணிப் பார்த்து, "ஏன் நாலு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா. அம்மா நாலாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தட்டெடுத்து அதை மூடினார். மற்றவற்றை மூடவில்லை.

கிண்ணங்கள் பல்கனியில் ஸ்நோவுக்குள் வரிசையாக உட்கார்ந்தன. முதலில் ஆவி பறந்தது. நான் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். அடுப்பு இல்லை, மின்சாரம் இல்லை, ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் பிடித்தது. அது உள்ளே உள்ளே வந்தது. அப்பா இடைக்கிடை செருப்போடு வெளியே போய் ஒரு முள்ளுக்கரண்டியால் கிளறிவிட்டு, குளிரில் கையை உதறிக்கொண்டு வந்தார். காலையில் ஏரியைக் கொண்டுபோனது எதுவோ, அதுவே இப்போது என் கிண்ணத்துக்குள் குனிந்து வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட்டும் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மூன்று மணிக்கு மேல் அப்பா கிண்ணங்களை உள்ளே கொண்டுவந்தார். முதல் கரண்டியை அம்மாவே சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார்.

குளிர்ந்தது. பல் கூசியது. நாக்கில் ஊசி ஊசியாக ஏதோ முறிந்தது. பிறகு இனித்தது, ஏலக்காய் மணத்தது. பிறகு இல்லாமல் போய்விட்டது. அம்மா சொன்ன அதே ஒழுங்கில். கடிதத்தில் இருந்ததெல்லாம் மெய். வானத்திலிருந்து கொட்டியது, அவர் அள்ளித் தந்தார். என் கிண்ணம் ஒரு நிமிடத்தில் காலியானது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் தாங்கோ" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அப்பாவின் கரண்டி கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. தன்னுடையதைப் பார்த்தார், அது முடியப்போகிற நிலையில் இருந்தது. பிறகு, மேசையில் தட்டால் மூடியிருந்த நாலாவது கிண்ணத்தைப் பார்த்தார். அதைத் தொடாமல் அம்மாவைப் பார்த்தார். 

"குடுங்கோ" என்றார் அம்மா. "காய்ச்சினதுதானே."

அப்பா தட்டை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளி வைத்தார். அம்மா என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "அவசரப்படாம ஆறுதலாச் சாப்பிடு" என்றார். நான் சாப்பிடுவதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது யாருக்கென்று ஊற்றி வைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா என்று கூப்பிட்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டு முடித்தேன்.